ஒரே மேசை, மூன்று சட்டங்கள்: வைட்ஃபீல்டில் பழைய கார் விற்பனையும் வாகனக் கடனும்

கேள்வியும் களமும்

பயன்படுத்திய கார் ஒன்றைக் கடனில் வாங்குபவர் சட்டத்தின் பார்வையில் ஒரே நாளில் மூன்று வேறு மனிதராகிறார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவர் சரக்கு வாங்கிய நுகர்வோர். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி கடன் பெற்றவர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவுச் சான்றிதழில், அதாவது ஆர்சியில், பெயர் ஏற வேண்டிய புதிய உரிமையாளர். யார்டு என்று வழங்கும் பழைய கார் விற்பனைக் கூடத்தில் இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே மேசையில், ஒரே மணி நேரத்தில், ஒரே விற்பனையாளரின் வழிகாட்டலில் நடந்து முடிகின்றன. பின்னர் ஏதேனும் பிசகு நேர்ந்தால் மட்டும் அவை மூன்று கதவுகளாகப் பிரிந்து நிற்கின்றன. ஒவ்வொரு சட்டத்தையும் விற்பனையாளரும் கடன் நிறுவனமும் தாள் அளவில் ஒழுங்காகப் பின்பற்றியிருந்தாலும் வாங்கியவர் பாதுகாப்பின்றி நிற்க நேரும் இடம் உண்டா, உண்டெனில் அது எங்கே என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பெங்களூரின் கிழக்கு விளிம்பிலுள்ள வைட்ஃபீல்ட் இக்கேள்விக்குப் பொருத்தமான களம். 1882இல் ஆங்கிலோ இந்தியர்களுக்கான குடியிருப்பாக டி. எஸ். ஒயிட் முயற்சியில் உருவான இவ்வூர், தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களால் முற்றிலும் வேறொன்றாக மாறியது. நம்ம மெட்ரோவின் தடம் இங்கு வந்து சேர்ந்தது 2023 மார்ச்சில்தான். அதுவரை அலுவலகம் செல்வோர் பலருக்குக் கார் ஆடம்பரமாக அன்றித் தேவையாகவே இருந்தது. வேலை மாறும்போதும் வெளிநாடு செல்லும்போதும் கார்கள் கைமாறுவது இங்கு இயல்பு. கிருஷ்ணராஜபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கேஏ-53 பதிவெண்களுக்கு நடுவே தமிழ்நாட்டுப் பதிவெண்களும் இப்பகுதிச் சாலைகளில் தென்படுகின்றன. தமிழ்நாட்டுக் காரை இங்கே ஒருவர் வாங்கினால், பழைய அலுவலகத்திலிருந்து படிவம் 28 வழியாகப் பெறும் ஆட்சேபமின்மைச் சான்று, பழைய கடன் இருந்தால் அந்த நிறுவனத்தின் ஒப்புதல், கர்நாடகத்தின் வாழ்நாள் வரி, தமிழ்நாட்டில் ஏற்கெனவே கட்டிய வரியில் திரும்பப் பெற வேண்டிய பகுதி என்று வேலை நீளும். இவற்றுள் எது விலையில் அடக்கம், எது இல்லை என்பது பல பேரங்களில் வாய்ப்பேச்சாகவே நின்றுவிடுகிறது.

நிலவும் புரிதல்கள்

இத்துறை பற்றி மூன்று கருத்துகள் அடிக்கடி முன்வைக்கப்படுகின்றன. வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்பது மிகப் பழையது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தரம் குறித்த மறைமுக நிபந்தனைகளைக் குறுகிய விதிவிலக்குகளாக மட்டுமே ஏற்பதிலிருந்து அது வலுப்பெறுகிறது. சட்டம் போதுமானது, அமலாக்கமே குறை என்பது இரண்டாவது. நுகர்வோர் இயக்கத்தினர் பலரின் நிலைப்பாடு இதுவே. மாருதி சுசுகியின் ட்ரூ வேல்யூ, 2015இல் தொடங்கிய கார்ஸ்24, ஸ்பின்னி போன்ற ஒழுங்கமைந்த நிறுவனங்கள் பெருகப் பெருக முறைகேடு தானாகக் குறையும் என்பது மூன்றாவது.

மூன்றிலும் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. எனினும் மூன்றும் விற்பனையை ஒரு புறமும் கடனை மறுபுறமும் வைத்தே பேசுகின்றன. சிக்கல் இரண்டும் ஒட்டும் இடத்தில் இருப்பதைக் கீழே காணும் சான்றுகள் காட்டுகின்றன.

குறை எது, மறைப்பு எது

நுகர்வோர் சட்டம் பழைய பொருளை நேரடியாகக் குறிப்பிடும் இடம் ஒன்று உண்டு. நியாயமற்ற வணிக நடைமுறையை விளக்கும் 2(47) பிரிவு, பழைய அல்லது புதுப்பித்த பொருளைப் புதியது என்று பொய்யாகக் காட்டுவதைத் தடை செய்கிறது. ஆனால் யார்டில் எவரும் பழைய காரைப் புதுக்கார் என்று சொல்லி விற்பதில்லை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியதை அறுபதாயிரம் ஓடியது என்றும், மூன்று கை மாறியதை ஒரே கையில் இருந்தது என்றும்தான் சொல்கிறார்கள். தரம், நிலை குறித்த பொய்க் கூற்றைத் தடுக்கும் பொதுவான உட்பிரிவுகளின் கீழ் இதையும் கொண்டுவரலாம். ஆயினும் மீட்டரைக் குறைப்பதைத் தடுப்பதற்கென்றே 1972இல் அமெரிக்கா இயற்றியதைப் போன்ற தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆகவே மீட்டர் குறைந்தது எந்தக் கையில் என்பதை நிறுவும் சுமை பெரிதும் வாங்கியவர் தலையிலேயே விழுகிறது.

வெள்ளத்தில் மூழ்கிய கார் இதைவிடக் கூர்மையான சோதனை. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெய்த மழையில் பெல்லந்தூர், ஏமலூர், சர்ஜாபூர் சாலை, வைட்ஃபீல்ட் உள்ளிட்ட கிழக்குப் பெங்களூரின் பல பகுதிகள் நீரில் நின்றன. அடுக்குமாடிகளின் நிலத்தடி நிறுத்தங்களில் கார்கள் மூழ்கின. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நேர்ந்ததும் இதுவே. பழுதுநீக்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காப்பீட்டுத் துறை அதை முழு இழப்பாகக் கணக்கிடுவது வழக்கம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாகனம் அழிந்துவிட்டாலோ நிரந்தரமாகப் பயன்படாது போனாலோதான் 14 நாட்களுக்குள் அறிவித்துப் பதிவை நீக்கச் சொல்கிறது. காப்பீட்டாளரின் கணக்கில் முழு இழப்பான கார், பழுது பார்த்தபின் ஓடக்கூடியதாக இருந்தால், உயிருள்ள ஆர்சியோடு ஏலத்துக்கும் அங்கிருந்து யார்டுக்கும் வர வழி இருக்கிறது. அத்தகைய காரின் இருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் அதன் தண்டவாளத்தில் துரு இருக்கும். ஃபியூஸ் பெட்டியின் மூலைகளில் மாவுபோல் வண்டல் படிந்திருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் நீர் நின்ற கோடு தெரியும். வாசனைத் திரவமும் புதிய தரைவிரிப்பும் இவற்றை மறைப்பதில்லை, பார்க்கத் தோன்றாமல் செய்கின்றன.

இங்கே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின் காப்புரை ஒரு முரணை உண்டாக்குகிறது. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு மறைமுக நிபந்தனை பொருந்தாது. தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்று காரைப் பார்த்தவர், பாராமல் வாங்கியவரைவிட இந்த ஒரு கூறில் பலவீனமான நிலைக்கு வருகிறார். விழிப்பாக இருங்கள் என்னும் முதற்கருத்து, விழிப்புக்கு இருக்கும் இந்த விலையைப் பேசுவதில்லை.

இணையவழி விற்பனையில் நிலை சற்று மேலானது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், தன் இருப்பிலுள்ள பொருளையே விற்கும் நிறுவனம் அப்பொருளின் உண்மைத்தன்மைக்கு உறுதி தந்தால் அதற்குரிய பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்கின்றன. புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்ப்பதற்கான அலுவலர் ஒருவரையும் அவை கோருகின்றன. பல நூறு புள்ளிகளைச் சரிபார்த்த சான்று என்னும் விளம்பரம் அப்படிப்பட்ட உறுதிமொழி அன்றி வேறென்ன? இந்த வாதம் வழக்குகளில் இன்னும் அதிகமாக எழ வேண்டும்.

பெயர் மாற்றத்தின் இடைவெளி

காரை யார்டுக்கு விற்றவரும் இச்சங்கிலியில் ஒரு கண்ணி. உரிமை மாற்றத்துக்குக் கையெழுத்திட்ட படிவம் 29, 30 இரண்டையும் வாங்குபவர் பெயர் எழுதாமல் வைத்துக்கொண்டு, இறுதியாக வாங்குபவர் கிடைக்கும்வரை பழைய உரிமையாளர் பெயரிலேயே காரை நிறுத்திவைப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. இடையில் நேரும் விபத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவான விடை தந்தது. பலர் கைமாறிய கார் ஒன்றின் விபத்து வழக்கில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவுப்படி பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சாரும் என்றும் அது கூறியது. பாதிக்கப்பட்டவர் உரிமையாளரைத் தேடி அலையக்கூடாது என்ற அதன் நோக்கம் நியாயமானது. ஆனால் வண்டியை விற்றுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவருக்கு அது பேரிடி.

இந்தச் சிக்கலுக்கு மறுமொழியாக 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பதிவுபெற்ற வாகனங்களை வாங்கி விற்பவர் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வாகனம் தம் கைக்கு வந்ததைப் பழைய உரிமையாளரோடு சேர்ந்து பதிவு அலுவலகத்துக்கு மின்வழி அறிவிக்க வேண்டும். அறிவித்தது முதல் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நோக்கம், ஓட்டுநர், நேரம், தூரம் ஆகியவற்றை மின்பதிவேட்டில் குறிக்க வேண்டும். நல்ல விதிகள். ஆயினும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரின் வழியாக நடக்கும் கைமாற்றத்துக்கே இவை பொருந்தும். தவிரவும், விதியின் வழி உரிமையாளராகக் கருதப்படுபவருக்கும் சட்டத்தின் வரையறைவழி உரிமையாளருக்கும் இடையே முரண் எழுந்தால் எது மேலோங்கும் என்பது விவாதத்துக்குரியது. 2018 தீர்ப்பு நின்றது சட்டத்தின் வரையறைமீது.

காப்பீட்டிலும் இதே இடைவெளி. மூன்றாம் நபர் காப்பு மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி வாகனத்தோடு தானாகச் செல்லும். காருக்கே நேரும் சேதத்துக்கான காப்பு அப்படிச் செல்லாது என்பது கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பெயர் மாற்றம் தாமதமாகும் நாட்களில் கடனில் வாங்கிய காரே காப்பின்றி ஓடக்கூடும். தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

வட்டி சொல்லப்படும் விதம்

யார்டு மேசைக்கு மீள்வோம். அங்கே வட்டி பலமுறை ஃபிளாட் கணக்கில் சொல்லப்படுகிறது. அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும் முழு அசலுக்கும் முழுக்காலத்துக்கும் வட்டி போடுவது ஃபிளாட் முறை. 4 லட்சம் ரூபாய்க்கு 9 விழுக்காடு ஃபிளாட், 4 ஆண்டு என்றால் வட்டி 1,44,000. மாதத் தவணை 11,333. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இது ஏறத்தாழ 16 விழுக்காடு. செயலாக்கக் கட்டணமாக 8,000 ரூபாயை முன்பே பிடித்துக்கொண்டால் 17ஐத் தாண்டும். ஒன்பது என்று காதில் விழுந்தது கையெழுத்திட்ட தாளில் பதினேழாக இருக்கிறது. இரண்டும் கணக்குப்படி சரி.

இந்த இடைவெளியை அடைக்கவே 2024 ஏப்ரல் 15இல் ரிசர்வ் வங்கி முக்கிய விவர அறிக்கையைச் சில்லறைக் கடன் அனைத்துக்கும் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் ஒப்புதலான கடன்களுக்கு அது பொருந்துகிறது. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விழுக்காடு அதில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தைக் கடன் பெற்றவரின் வெளிப்படையான ஒப்புதலின்றி வசூலிக்கக்கூடாது. ஏழு நாட்களோ அதற்கு மேலோ நீளும் கடனானால் அறிக்கை குறைந்தது மூன்று வேலை நாட்களுக்குச் செல்லும். கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வைட்ஃபீல்டில் வாழும் தமிழருக்கு அந்த மொழி எது? ஆங்கிலத்தையோ கன்னடத்தையோ தந்து முடித்துவிடுவது நிறுவனத்துக்கு எளிது. விதியின் சொற்படி தமிழில் கேட்க அவருக்கு இடமிருக்கிறது, கேட்பவர் அரிது. மூன்று நாள் அவகாசமோ, இன்று மாலைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் வண்டி வேறொருவருக்குப் போய்விடும் என்னும் ஒரு சொல்லில் கரைந்துவிடுகிறது. அறிக்கை கடனுக்கு நிதானம் தருகிறது, காருக்குத் தருவதில்லை.

கடனை முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணத்தை நீக்கிய 2025 ஜூலை உத்தரவும் இதைப் போன்றதே. 2026 ஜனவரி 1 முதல் தனிநபரின் வணிகமல்லாத, மாறும் வட்டிக் கடன்களுக்கு அக்கட்டணம் கிடையாது. ஆனால் வாகனக் கடன்களில் பெரும்பாலானவை நிலையான வட்டியில் தரப்படுபவை. செய்தித்தாளில் தலைப்பாக வந்த நிவாரணம் பழைய கார் வாங்கியவரின் வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

யார்டும் கடன் நிறுவனமும்

பழைய வண்டிக்குக் கடன் தருவது இந்தியாவில் பெருந்தொழிலாக வளர்ந்ததில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1954இல் தோன்றிய சுந்தரம் ஃபைனான்ஸ் வாகனக் கடனுக்கு அடித்தளமிட்டது. 1979இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கிகள் ஒதுக்கிய பழைய லாரி உரிமையாளர்களை நம்பியே வளர்ந்தது. கடன் தருபவர் வண்டியையும் ஓட்டுநரையும் நேரில் அறிந்து தந்த கடன் அது. இன்றைய கார்க் கடனில் அந்த அறிமுகத்தின் இடத்தில் யார்டின் விற்பனையாளர் நிற்கிறார். கடன் கொண்டுவந்ததற்காக நிறுவனம் அவருக்குத் தரகு தருகிறது. அத்தரகு வாங்குபவரிடம் கட்டணமாகப் பிடிக்கப்படாததால் விவர அறிக்கையில் அது தனியாகத் தெரிவதில்லை, வட்டிக்குள் அடங்கிவிடுகிறது.

இதன் தீங்கை உணர்ந்த பிரிட்டன், வட்டியை உயர்த்த உயர்த்தத் தரகும் உயரும் ஏற்பாட்டை 2021 ஜனவரியில் தடை செய்தது. அதற்கு முந்தைய கார்க் கடன்களின் தரகு குறித்த வழக்குகளில் 2025 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் இதற்கு நெருக்கமான நிகழ்வு 2021 மே மாதம் எச்டிஎஃப்சி வங்கிமீது ரிசர்வ் வங்கி விதித்த 10 கோடி ரூபாய் அபராதம். வாகனக் கடன் வாடிக்கையாளர்களிடம் நிதி சாராத பிறர் பொருட்களை விற்றது அதன் காரணம். அடுத்த மாதமே, அப்படி விற்ற ஜிபிஎஸ் கருவிக்கான தரகைத் திருப்பித் தருவதாக வங்கி அறிவித்தது. அந்த நடவடிக்கை வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. வங்கி எந்தத் தொழிலைச் செய்யலாம் என்பதே அங்கே கேள்வி; கடன் வாங்க வந்தவர் கருவியை மறுக்கும் நிலையில் இருந்தாரா என்பது இல்லை.

காரில் மறைத்த குறை வெளிப்பட்டபின் தவணையை நிறுத்தலாமா என்பதுதான் வாங்கியவர் முதலில் கேட்பது. நிறுத்தினால் கடன் தகவல் மதிப்பெண் சரியும். கடன் நிறுவனமோ, காரை விற்றது நாங்கள் அல்ல என்று சொல்லும். பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, விற்பவரோடு ஏற்பாடு செய்துகொண்டு கடன் தந்தவரையும், கடனின் வகைக்கும் தொகைக்கும் உரிய வரம்புகளோடு, விற்பவருக்கு இணையான பொறுப்பாளி ஆக்குகிறது. அமெரிக்காவில் 1975இல் வெளியான கூட்டாட்சி வணிக ஆணைய விதி, விற்பவர்மீது வாங்கியவருக்குள்ள கோரிக்கையைக் கடனைக் கையில் வைத்திருப்பவர்மீதும் செலுத்த இடமளிக்கிறது. இந்தியச் சட்டம் எதிர்த்திசையில் நிற்கிறது: 2019 சட்டத்தின் 2(37) பிரிவு, பொருள் விற்பனையில் நிதி தருபவராக மட்டும் செயல்படுபவரைப் பொருள் விற்பவர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. குறையுள்ள பொருளால் நேரும் தீங்குக்கான அச்சட்டத்தின் பொருட்பொறுப்பு அத்தியாயமோ பொருளுக்கே நேர்ந்த சேதத்தையும் பொருளாதார இழப்பையும் தன் எல்லைக்கு வெளியே வைக்கிறது. எஞ்சின் பழுதான காருக்கு அந்த அத்தியாயத்தால் பயனில்லை.

கடன் நிறுவனத்தைப் பிடிக்க வேறொரு நூல் ரிசர்வ் வங்கியிடம் இருக்கிறது. வங்கியல்லாத நிதி நிறுவனங்களின் வெளிப்பணி குறித்த 2017 நவம்பர் உத்தரவு, நேரடி விற்பனை முகவரின் செயலுக்கும் வசூல் முகவரின் செயலுக்கும் இறுதிப் பொறுப்பு நிறுவனத்தையே சாரும் என்கிறது. யார்டு அத்தகைய முகவராக இருக்கும் இடத்தில் வட்டியைப் பற்றி அது சொன்ன பொய்க்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். காரைப் பற்றிச் சொன்ன பொய்க்கு அல்ல. ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்த இரு பொய்கள் இப்படிப் பிரிகின்றன.

பறிமுதல்

வண்டியைச் சீஸ் செய்வது என்று வழக்கில் சொல்லப்படும் பறிமுதலில் தீர்ப்புகள் ஒரே திசையில் செல்லவில்லை. ஐசிஐசிஐ வங்கி தொடர்பான 2007, 2008ஆம் ஆண்டு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வசூல் முகவர்களின் வன்முறையைக் கடுமையாகக் கண்டித்தது. 2011இல் சிட்டிகார்ப் மாருதி ஃபைனான்ஸ் வழக்கிலும் சட்டவழியில் மட்டுமே மீட்கலாம் என்றது. 2020 அக்டோபரில் மக்மா ஃபின்கார்ப் வழக்கில், கடைசித் தவணை கட்டும்வரை நிதி தந்தவரே உரிமையாளர் என்றும் ஒப்பந்தப்படி அவர் வண்டியை எடுத்தது தவறன்று என்றும் கூறி, முறையான அறிவிப்பு தராத குறைக்கு 15,000 ரூபாய் மட்டும் வழங்கியது.

மக்மா தீர்ப்பை எல்லாக் கார்க் கடனுக்கும் பொருத்துவது சரியல்ல. அது தவணைக் கொள்முதல் ஒப்பந்தம் பற்றியது. இன்றைய கார்க் கடன் பெரும்பாலும் ஹைப்போதிகேஷன். உரிமையும் கைவசமும் வாங்கியவரிடமே இருக்க, வண்டி கடனுக்கு ஈடாக ஆர்சியில் குறிக்கப்படும் முறை அது. 2009 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, பறிமுதலுக்கு முந்தைய அறிவிப்புக் காலம், கடைசி வாய்ப்பு, ஏல முறை ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி அதன் நகலைக் கடன் பெற்றவரிடம் தர வேண்டும் என்கிறது. மக்மாவைக் காட்டி வாதிடும் நிறுவனம் முதலில் இந்தத் தாளைக் காட்ட வேண்டும். 2022 செப்டம்பரில் ஹசாரிபாகில் டிராக்டர் மீட்பின்போது கர்ப்பிணிப் பெண் ஒருவர் உயிரிழந்தபின், மஹிந்திரா ஃபைனான்ஸ் வெளிமுகவர்கள் மூலம் வசூலிப்பதற்கு ரிசர்வ் வங்கி தடை விதித்தது. 2023 ஜனவரியில் தடை விலகியது.

எந்த மன்றம்

வாங்கியவருக்குச் சாதகமான கூறுகள் சில தெளிவாக உள்ளன. நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில் இருந்தாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி அவர் வசிக்கும் பெங்களூரிலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். ஒப்பந்தத்தில் நடுவர் மன்றப் பிரிவு இருப்பது தடையாகாது என்பதை எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டமும் உண்டு; அது கடனை மட்டும் பார்க்கும்.

ஆனால் அளவுமீறிய தண்டத்தையும், உரிய கட்டணம் செலுத்தியும் முன்கூட்டி அடைக்க விடாத மறுப்பையும் நியாயமற்ற ஒப்பந்தம் என்று முத்திரையிடும் 2(46) பிரிவை மாவட்ட ஆணையத்தில் பயன்படுத்த முடியாது. அந்த அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்கு மட்டுமே. நான்கு லட்சம் ரூபாய்க் கடனின் ஒரு வரியை எதிர்க்க மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். காரின் குறைக்கு மாவட்ட ஆணையம். இரண்டுக்கும் கால வரம்பு இரண்டே ஆண்டு. மாநில அரசும் இதில் அதிகம் செய்ய இயலாது: ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டிலுள்ள நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டித்தொழில் சட்டங்கள் பொருந்தா என்று நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கர்நாடகத்தின் கையில் எஞ்சுவது யார்டுக்கான அங்கீகாரச் சான்று.

அச்சான்றும் சிறிய கருவியன்று. பொய்க் கூற்றுக்காக ஆணையத்தில் தோற்ற விற்பனையாளரின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது அத்தீர்ப்பைப் போக்குவரத்துத் துறை கேட்டுப் பெறலாம். கடன் நிறுவனமோ, அங்கீகாரமில்லாத யார்டில் விற்ற காருக்குக் கடன் தருவதில்லை என்று தன் கொள்கையிலேயே எழுதிக்கொள்ளலாம். நீதிமன்றங்கள் செய்யக்கூடியது வேறு. விற்பனை நிறுவனமே தன் துணை நிறுவனத்தின் வழியாகக் கடனும் தரும் ஏற்பாடுகள் இன்று வழக்கமாகிவிட்டன. ஒரே குழுமம் காரைச் சரிபார்த்து, விலை நிர்ணயித்து, விற்று, அதற்கான கடனையும் தரும்போது, அக்கடன் நிறுவனம் நிதி தருபவராக மட்டும் செயல்பட்டது என்று சொல்ல முடியுமா என்பதை 2(37) பிரிவின் வாசகத்தை வைத்து ஓர் ஆணையம் நேராக ஆராய்ந்தால், அது பொருட்பொறுப்பு அத்தியாயத்தோடு நிற்காது. சேவைக் குறைபாட்டு வழக்குகளிலும் விற்பவரையும் கடன் தந்தவரையும் ஒன்றாக நிறுத்தி, குறை தீரும்வரை தவணைக்கு இடைக்காலத் தடை கேட்க அந்த ஆய்வு அடிப்படையாகும். இடைக்கால உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் 38ஆம் பிரிவில் மாவட்ட ஆணையத்துக்கே இருக்கிறது.